குனியும் பட்டன்

ஆட்டம் மறுபடியும் மூடிக்கொண்டது. அதே இடம். தாழ்வான சுரங்கத்தின் வாய். குனிந்தேன், ஓர் அடி வைத்தேன், போயிற்று. சுவர் இல்லை, துப்பாக்கி இல்லை, பிசாசு இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து கிடக்கிற அந்தப் பச்சைப் புல்வெளிப் படம் மட்டும். யாருக்கு வேண்டும் புல்வெளி. செத்திருந்தால்கூடச் சரி. சாவது எனக்குப் பழகிவிட்டது. இந்த ஆட்டத்தில் செத்தால் திரை சிவக்கும், உடம்பு சாயும், தரை கன்னத்தில் வந்து ஒட்டும், கொன்றவன் எதிரில் நிற்பான். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இது சாவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்தவன் சொல்லாமல் எழுந்து போன மாதிரி. பிரவுசர் மொத்தமாக மூடிவிடுகிறது. திறந்தால் இந்தக் கட்டத்தின் ஆரம்பத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது, காலி துப்பாக்கியோடு, ஒன்றும் தெரியாத புதுசு மாதிரி. மறுபடியும் முற்றம், மறுபடியும் படிக்கட்டு, மறுபடியும் சிவப்புச் சாவி. வாரம் பூராவும் இதே கதை. மேலே ஃபேன் கிறீச்சிடுகிறது. அதற்கு எண்ணெய் விட வேண்டும். எனக்கும் விட வேண்டும் என்பாள் இவள், என் வீட்டுக்காரி. சொல்லட்டும். கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். இடது கையை. பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். சுண்டுவிரல். ஆடுகிறதா? ஃபேன் காற்றில் மேஜைத்துணி ஆடுகிறது. அதனால் விரல் ஆடுகிற மாதிரி இருக்கிறது. துணியை இழுத்து விட்டேன். இப்போது? பார்க்கப் பார்க்க எதுவும் ஆடத்தான் செய்யும். ஒரு கல்லைக் கண்கொட்டாமல் பார், அதுவும் ஆடும்.

ஆட்டம் மகள் புனேயிலிருந்து அனுப்பியது. அவள் காலேஜில் படித்த காலத்துப் பழைய சுடும் ஆட்டம், இப்போது பிரவுசரைத் திறந்தாலே வருகிறதாம், எதையும் ஏற்ற வேண்டாமாம். "சும்மா பாருங்கப்பா" என்றாள். சும்மா பார்க்கிற ஆளா நான். விஷயம் என் வலது கை. அது நடுங்குகிறது. அதுவும் சும்மா இருக்கும்போதுதான். மடியில் வைத்துவிட்டு டிவி பார்த்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பீடி சுற்ற ஆரம்பித்துவிடும், இலை இல்லாமல், தூள் இல்லாமல். வேலை கொடுத்தால் அடங்கிவிடும். மவுஸைப் பிடித்ததும் கல் மாதிரி நிற்கும். குறி வைத்தால் நகராது. பிசாசின் நெற்றிக்கு நேரே பிடித்தால் நெற்றியில்தான் விழும். வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்தால் கெட்டுப்போகிறது, என்னைப் போலத்தான் என் கையும். நரம்பு டாக்டர் நல்ல மனுஷன், மெதுவாகப் பேசுவார், அந்த மெதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "நடுக்குவாதம்தான் சார். ஒரு பக்கத்தோட இருக்கற வரைக்கும் கவலை இல்ல. அடுத்த கைக்கு வந்தா மட்டும் உடனே சொல்லணும்." சொன்னால்? ஸ்கூட்டர் கிடையாது. தனியாக எங்கேயும் போகக் கூடாது. மகள் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாள், இரண்டு பேருக்கும், போக மட்டும். புனேயில் எத்தனையாவதோ மாடி. லிஃப்ட். ஜன்னலுக்குக் கம்பி. "தாத்தாவுக்கு ஸ்வெட்டர் போடுங்க." எனக்குக் கூடல்நகர் போதும். என் வீடு, என் ஸ்கூட்டர், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டீ. சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லை என்று இருந்தேன், இந்தச் சுரங்கம் வருகிற வரை.

முதலில் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், முறுக்குத் துகள் கொட்டியது. புதுசு வாங்கி மாட்டினேன். அதே கதை. இன்டர்நெட் இணைப்புக்காரனைக் கூப்பிட்டேன், வந்தான், ஒயரை உருவினான், சொருகினான், "எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றான். எல்லாம் நல்லா இருந்தால் மிச்சம் யார்? நான். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. முன்னால் நகர டபிள்யூ பட்டன், அதற்கு நடுவிரல். குனிய கன்ட்ரோல் பட்டன், கீபோர்டின் மூலையில், அதற்குச் சுண்டுவிரல். குனிந்துகொண்டே நகர வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மூடுகிறது. அதற்கு முந்தின கட்டங்களில் நான் குனிந்ததே கிடையாது. நெருப்பு உருண்டை வந்தாலும் நின்றுதான் வாங்கினேன், நகர்ந்துதான் தப்பினேன். இங்கே வேறு வழி வைக்கவில்லை, படுபாவிகள். ஆக, சுண்டுவிரல் இழுக்கிறது. எதையோ தட்டுகிறது, என் உத்தரவு இல்லாமல். சரக்கு வண்டியில் பிரேக் பிடித்த கை இது. மழை நாள், வழுக்கும் தண்டவாளம், பின்னால் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை நிலக்கரி. இறக்கத்தில் அத்தனை பாரமும் முதுகில் ஏறி உட்கார்ந்து தள்ளும். அப்போது இந்தக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பேன். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை இடிக்கிற சத்தம் கேட்காது. நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். ஒரு நாளும் சிவப்பைத் தாண்டியதில்லை. அந்தக் கை இன்றைக்கு ஒரு பட்டனை ஒழுங்காகப் பிடிக்காதா?

திறந்தேன். மறுபடியும். ஒரு கிளிக், அம்புக்குறி மறைந்தது, நான் உள்ளே. இந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும். முன்னால் மட்டும்தான் பார்வை. பின்னால் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார், எதுவும் வேண்டாம், கண்ணாடிக்கு முன்னால் பாதை, அது என்னை நோக்கி வரும். ஆயுசு பூராவும் நான் உலகத்தைப் பார்த்தது இப்படித்தான். முற்றத்தில் இரண்டு பழுப்புப் பிசாசுகள். ஒன்று, இன்னொன்று. முடிந்தது. படிக்கட்டு. "இடது கதவு, மூடியிருக்கு" என்றேன். வண்டியில் அப்படித்தான், சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூட இருக்கிற அசிஸ்டென்ட் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கண் தூங்கினாலும் இன்னொரு கண் பிடித்துவிடும். பழக்கம் விடவில்லை. அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி திருப்பிச் சொன்னாள், "இடது கதவு, மூடியிருக்கூ!" என்று நீட்டி. கிண்டல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்து ரிட்டயர் ஆனவள், குரல் இன்னும் கம்பி மாதிரி வரும். சின்ன வெங்காயம் உரிக்கிறாள், வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. "வலது பக்கம் ரெண்டு பேரு." "வலது பக்கம் ரெண்டு பேரு, சுட்டுத் தொலைங்க, குழம்பு வைக்கணும்." சுட்டேன். சிவப்புச் சாவியை எடுத்தேன். சாவி இல்லாமல் சிவப்புக் கதவு திறக்காது. ஒற்றைப் பாதையில் டோக்கன் வாங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாத மாதிரி. ஓடுகிற வண்டியிலிருந்து கையை நீட்டி டோக்கன் வளையத்தைப் பிடிப்போம், முழங்கை வரை வந்து விழும், அடி விழுந்த இடம் சிவந்துபோகும், அந்தச் சிவப்பைக் காட்டிக்கொண்டு கேண்டீனுக்குப் போவதில் ஒரு மிதப்பு. எந்தக் கை? இடது கைதான். அது தவறவிட்டதே கிடையாது. போதும். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது புத்தி. ஈ மாதிரி. விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே புண்ணில்.

சிவப்புக் கதவு திறந்தது. உள்ளே பெரியவன் ஒருவன் இருப்பான், கொம்போடு. முதல் நாள் அவனிடம் ஏகப்பட்ட தடவை செத்தேன். இப்போது அவன் திரும்புவதற்குள் முடித்துவிடுகிறேன், இரட்டைக்குழலை அவன் விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து. அவன் விழுகிற சத்தத்துக்கு அடுக்களையில் "செத்தானா?" என்றாள். "செத்தான்." கார்டு கோமதிநாயகம் இதைப் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால், கடைசிப் பெட்டியில், பச்சைக் கொடியோடு ஆயுசைக் கழித்தவன். இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதே ஆட்டத்தை ஆடுகிறான். நான்தான் இந்த லிங்கை அவனுக்கு அனுப்பினேன், எனக்கு முன்னால் போய்விடுவானோ என்று அன்றிலிருந்து கவலை. இத்தனை நாளும் கார்டு பின்னால்தான் வந்தான், இப்போது நான் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிற நேரம் பார்த்து நெருங்கிவிட்டானாம். சமையல் நேரத்துக்குத் தினமும் போன் போடுவான். "என்ன டிரைவரே, வண்டி கெளம்பலையா? சிக்னல் கெடைக்கலையா?" என்பான். நேற்று லைனைக் கட் பண்ணிவிட்டேன். இன்றைக்கும் வரும். வருவதற்குள் தாண்ட வேண்டும். இதோ சுரங்கம். இடுப்பளவு ஓட்டை, உள்ளே இருட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்ச் சத்தம். சுண்டுவிரலை மூலையில் வைத்தேன். அமுக்கினேன். குனிந்தேன். சரி. பொறு. விரல் நிற்கிறது. பார், நிற்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. நடுவிரலைத் தொட்டேன்.

புல்வெளி.

மேஜையைக் குத்தியிருக்கிறேன் போல. டம்ளர் உருண்டு விழுந்தது. வெங்காயக் கையோடு வந்து நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"டம்ளர் விழுந்துச்சு."

"விழுந்தா எடு."

எடுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தாள். மடிக்குள் இழுத்துக்கொண்டேன், இடதை. வலதை மேலேயே விட்டுவிட்டேன். அதில்தான் பிடிபட்டேன். நடுங்குகிற கையை வெளியே வைத்துக்கொண்டு நல்ல கையை எவனாவது ஒளித்துவைப்பானா?

"அதான் இந்த வாரம் பூரா காப்பிய இடது கைல வாங்க மாட்டேங்குறீங்களா?"

"போய் வேலையப் பாரு."

"வந்துருச்சா?"

ஆமாம் என்றால் ஸ்கூட்டர் போயிற்று. இல்லை என்றால் பொய்யாக இருக்கலாம். இவள் முகத்தைப் பார்க்காமல் புல்வெளியைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இவளை முதலில் பார்த்தபோதும் நான் இப்படித்தான், எதிரே இருந்த சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன், எழுத்துக்கூட்டி, ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு. இப்போது படிக்கச் சுவரொட்டி இல்லை. "எங்க போகுது அது? காட்டுங்க" என்றாள். "உனக்குப் புரியாது." "ஊரு பூரா லைன் போட்டுக்குடுத்தவ நான். பேசிட்டு இருக்கும்போதே கட்டாகுதுன்னா கூப்பிட்டவன் தொண்டையிலதான் கோளாறுன்னு எழுதி வெப்பீங்களா? திறங்க." திறந்தேன். கோபத்தில் நன்றாக ஆடினேன், கொம்பன் எட்டிப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. இவள் பின்னால் நின்று "அய்யோ, பாவம்" என்றாள் அவனுக்கு. சுரங்கத்தின் வாய்க்கு வந்ததும் கையை எடுத்தேன். "எந்திரிங்க" என்றாள். "கைய ஈரத்தோட வெக்காதே." முந்தானையில் துடைத்தாள், உட்கார்ந்தாள், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "எது?" "இது குனிய. இது போக. ரெண்டையும் பிடி." பிடித்தாள். அந்த விரல்களை நான் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க என்னைக் கூப்பிடாத விரல்கள். ஓர் ஆட்டம் இல்லை, ஒரு சிலிர்ப்பு இல்லை.

புல்வெளி வந்தது.

"அட, எனக்கும் போயிருச்சு!" என்றாள். சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் போனேன். போக வேண்டியிருந்தது. வெளியே எதிர்வீட்டு மாடியில் வற்றல் காய்கிறது, ஒரு காக்கா அதைச் சுற்றி வருகிறது, எனக்கு என்ன, தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும். எனக்கும் போயிருச்சு. இத்தனை நாளில் இவள் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான். இடது கையை ஜன்னல் கம்பிமேல் வைத்தேன். இரும்பு சுட்டது. எடுக்கவில்லை. சுடட்டும். இந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் இதன்மேல் போலீஸ் மாதிரி நின்று, சோறு போட்ட கையைச் சந்தேகப்பட்டு, காப்பிகூட வாங்க விடாமல். சரி. ஆயிற்று. திரும்பியபோது இவள் விடுவதாக இல்லை. "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்திப் பாக்கணும்" என்று எனக்குச் சொல்லவில்லை, கீபோர்டுக்குச் சொன்னாள். "மறுபடி கூட்டிட்டுப் போங்க அங்க." கூட்டிப்போனேன். குனியும் பட்டனை மட்டும் அமுக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. போகும் பட்டனை மட்டும், சுவரில் முட்டி நின்றது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து, போயிற்று. "மறுபடி" என்றாள். "குழம்பு?" "கெடக்கட்டும்." அப்புறம் எனக்குத் தோன்றாத ஒன்றைச் செய்தாள். ஆட்டத்தைத் தொடவே இல்லை. பிரவுசரில் தன் மீன்குழம்பு வீடியோவைத் திறந்தாள், ஒரு பொம்பளை புளி கரைத்துக்கொண்டிருந்தாள், அதே இரண்டு பட்டனை அமுக்கினாள். புளி கரைத்தவளும் போய்விட்டாள்.

"பாத்தீங்களா? ஆட்டத்துலயும் இல்ல, கையிலயும் இல்ல. கிராஸ் டாக். ஒரே லைன்ல ரெண்டு பேரு உக்காந்திருக்கான். ஆட்டத்துக்கு அந்த ரெண்டு பட்டனும் குனிஞ்சு போறதுக்கு. பிரவுசருக்கு அதே ரெண்டும் கடைய மூடுறதுக்கு. அவன் முந்திக்கிறான்."

"இத மொதல்லயே எழுதி வெக்க வேண்டியதுதானே, அறிவுகெட்டவனுக."

"எழுதியிருப்பான். நீங்க எதப் படிச்சீங்க?"

படிக்கவில்லை. உண்மைதான். முதல் நாள் எதையோ பத்தி பத்தியாகக் காட்டியது, தள்ளிவிட்டு உள்ளே போனேன். இவள் மெனுவுக்குள் போனாள், நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத இடம். எந்த வேலைக்கு எந்தப் பட்டன் என்று வரிசையாக இருந்தது. 'குனிய' என்கிற இடத்தில் கன்ட்ரோலை எடுத்துவிட்டு சி பட்டனைப் போட்டாள். கயிற்றை ஒரு குழியிலிருந்து உருவி இன்னொரு குழியில் சொருகுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. "இந்தாங்க. குனியறதுக்கு இனிமே கட்டைவிரலு. சுண்டுவிரலு ஓய்வெடுக்கட்டும்." எழுந்தாள். உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. முற்றம், படிக்கட்டு, சாவி, கொம்பன். இவள் போகவில்லை, பின்னால் நின்றாள், எனக்குத் தெரியும், வெங்காயம் மணத்தது. சுரங்கத்தின் வாய். கட்டைவிரல். குனிந்தேன். நடுவிரல். நகர்ந்தது. நகர்கிறது. இருட்டு இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிறது, தண்ணீர்ச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கூரை தலைமேல் தொடுகிற மாதிரி. இன்னும் மூடவில்லை. இன்னும் மூடவில்லை. தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். மலைப்பாதைக் குகைக்குள் வண்டி போகும்போது வெளிச்சம் இப்படித்தான், முதலில் ஓர் அரிசி, அப்புறம் காசு, அப்புறம் தட்டு, அப்புறம் சட்டென்று முழு ஊரும். வெளியே வந்தேன். நிமிர்ந்தேன். பெரிய கூடம், உயரத் தூண்கள், எதிரே ஏகப்பட்ட பேர், கொம்பு வைத்தவன், வைக்காதவன், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாருங்கள். வரிசையாக வாருங்கள். எனக்கு அவசரம் இல்லை. இது என் ஆயுசிலேயே எனக்கு அவசரம் இல்லாத நேரம்.

எல்லோரையும் முடித்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். இவள் அடுக்களைக்குப் போய்விட்டாள், எண்ணெய் காய்கிற வாசனை வந்தது.

"டிரைவரே" என்றான் கோமதிநாயகம். குரலில் சத்தே இல்லை. "ஒரு கூத்து வே. நானும் சுரங்கத்துக்கு வந்துட்டேன். குனிஞ்சு ஒரு எட்டு வெக்கேன், மொத்தமா மூடிக்கிடுது. கம்ப்யூட்டர் போச்சுன்னு மருமவன் சொல்லுதான். நீரும் அங்கதானே கெடக்கீரு?"

"கெடந்தேன். தாண்டியாச்சு."

"தாண்டியாச்சா? எப்படி வே?"

"உம்ம கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல. குனியுற பட்டன மாத்தணும். மெனுவுல போய் சி போடும்."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். முனகினான். அப்புறம் சிரித்தான், இருமலோடு, "போயிட்டேன் வே! உள்ள போயிட்டேன்!" என்று. போகட்டும். கூடத்தில் அவனுக்காகக் கொம்பன்கள் காத்திருக்கிறார்கள், அதை நான் சொல்லப்போவதில்லை. கார்டு கொஞ்சம் பயந்துகொண்டு வந்தால்தான் வண்டிக்கு நல்லது.

"டிரைவர்னா டிரைவர்தான்" என்றான். "ஆனா நீரு பட்டனெல்லாம் மாத்துத ஆளு இல்லையே. படிச்சுப் பாக்குத ஆளும் இல்ல. பொய் சொல்லாதேயும், ஆரு சரி பண்ணிக்குடுத்தா?"

அடுக்களையில் கடுகு வெடித்து அடங்கியது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கரண்டிகூட இல்லை. நான்தான் என்றால் நம்பிவிடுவான். நம்பி, பாளையங்கோட்டை பூராவும் சொல்வான். போனை இடது கையால் எடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். நன்றாகப் பிடித்தது. என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலில், ஒவ்வோர் எழுத்தாக, இவள் பெயரைச் சொன்னேன்.

"அங்கயற்கண்ணி."